பின் சீட்டு வாத்தியார்

கார் சொல்லிக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூல்காரருக்குக் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் அவர் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பாதிக் கண்ணை மூடியபடி, "லெஃப்ட்ல ஒடிங்க" என்று சொல்ல முடிகிறது. மனைவிக்கு மோட்டார் சைக்கிள் சொல்லிக்கொடுக்கும் கணவனுக்கு அந்த வசதி இல்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகு அவனிடம் மிச்சம் இருப்பது வாய் ஒன்றுதான். அதற்கு நியூட்ரலும் கிடையாது.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைப் பற்றிப் பேசுகின்றன. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும். அவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பைக் பழகுகிறவர் இந்த ஒருவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. விதியை எழுதியவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவர் யாருடைய பைக்கிலும் பின்னால் உட்கார்ந்து போனதில்லை என்பது என் கணிப்பு. பின் சீட்டில் இருப்பவர் வண்டியை நிறுத்த இரண்டே வழிகள்: ஒன்று கத்துவது, இன்னொன்று குதிப்பது. குதித்தால் நாம் நின்றுவிடுவோம், வண்டி போய்விடும்.

இந்த நிலைமைக்கு நான் வந்ததற்குக் காரணம் ஒரு பேட்டரி. வீடு புதுக்கோட்டையில், வேலை திருச்சியில். வாரம் முழுக்க பஸ்ஸில் போய் வருவதால் புல்லட் போர்வை போர்த்திக்கொண்டு வீட்டிலேயே நிற்கும். (கிளாசிக் 350 என்றுதான் வண்டியில் எழுதியிருக்கிறது. ராயல் என்ஃபீல்டு என்ன பெயர் வைத்தாலும் நம் ஊரில் அது புல்லட்தான். 1955-இல் திருவொற்றியூரில் புல்லட்டைக் கோக்க ஆரம்பித்தார்கள். இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி மூடியே போய்விட்டது, இங்கே நிற்கவில்லை. அந்த உரிமையில் சொல்கிறேன்.) நிறுத்தியே வைத்திருந்தால் பேட்டரி இறங்கிவிடும், அப்பப்ப ஸ்டார்ட் பண்ணிவிடுங்கள் என்றார் மெக்கானிக். அந்த வேலையை மனைவியிடம் ஒப்படைத்தேன். அவள் ஆசிரியை. ஆக்டிவாவில் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறவள். தினம் சாயங்காலம் புல்லட்டை ஸ்டார்ட் செய்து, அது துடிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்: "ஸ்டார்ட் பண்ற வரைக்கும் வந்தாச்சு. மிச்சத்தையும் சொல்லிக்குடுங்க."

அவளிடம் இருந்தது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ். கியர் வண்டியைச் சேர்க்கப் புதிதாக எல்.எல்.ஆர். போட வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போகலாம். முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்ட வேண்டும். வெள்ளையில் சிவப்பு எழுத்து, 18 சென்டிமீட்டர் சதுரம். இதைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. நம் ஊரில் எல் போர்டைக் கண்டால் கிட்டே வந்து யோசனை சொல்கிறார்கள்.

முதலில் மச்சானுடைய பழைய ஸ்ப்ளெண்டரில் பழகட்டும் என்று தீர்மானித்தது நான்தான். புல்லட் 195 கிலோ, ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ. இந்த ஒரு முடிவை இன்றுவரை யாரும் குறை சொல்லவில்லை என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

பழகும் இடத்துக்கும் பஞ்சமில்லை. ரியல் எஸ்டேட்காரர்கள் புண்ணியம். ஊருக்கு வெளியே எந்தத் திசையில் போனாலும் ஆர்ச் கட்டி, கிராவல் ரோடு போட்டு, மஞ்சள் கல் ஊன்றி, வீடு மட்டும் வராத ஒரு 'நகர்' இருக்கும். நாங்கள் போன நகரில் முப்பதடி ரோடு, இருபதடி ரோடு, பூங்காவுக்கான இடம் எல்லாம் முறைப்படி உண்டு. குடியிருப்பவை ஆடுகள். அவற்றை மேய்க்கிற பெரியவர், அந்தப் பரப்பில் இருந்த ஒரே வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்.

ஸ்கூட்டர் ஓட்டுகிறவருக்கு பைக் சுலபம் என்று சொல்பவர்கள் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் சுலபம். ஸ்கூட்டரில் இரண்டு கையிலும் பிரேக். இடது கையை இறுக்கினால் பின்சக்கரம் நிற்கும். வருஷக்கணக்காக அவளுடைய இடது கை படித்திருக்கும் பாடம் இது. பைக்கில் அதே இடத்தில், அதே வடிவத்தில் இருப்பது கிளட்ச். ஆடு குறுக்கே வந்ததும் அவள் இடது கையை இறுக்கினாள். வண்டி எஞ்சினின் பிடியிலிருந்து விடுதலை பெற்று, எந்தத் தடங்கலும் இல்லாமல் உருண்டுகொண்டே போனது. நிறுத்த வேண்டிய பின் பிரேக் வலது காலில் இருக்கிறது. ஸ்கூட்டரில் அந்தக் காலுக்குக் காய்கறிப் பையை அணைத்துப் பிடிப்பதைத் தவிர வேறு உத்தியோகம் கிடையாது. திடீரென்று பொறுப்புக் கொடுத்தால் அது என்ன செய்யும்? ஆடுதான் நிலைமையைப் புரிந்துகொண்டு விலகியது.

நான் பின்னாலிருந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்துவேன்.

"பிடிக்கவா, விடவா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் வண்டி இரண்டு குதி குதித்து அணைந்துவிடும்.

பைக்கின் இன்னொரு குணம், ஓட்டுபவர் கண் எங்கே போகிறதோ அங்கே போவது. பழகியவர்கள் இதை உணர்வதே இல்லை. திருப்பத்தில் கண் தானாக ரோட்டின் மறுமுனைக்குப் போய்விடும், உடம்பும் ஹேண்டிலும் பின்னாலேயே வரும். புதிதாக ஓட்டுபவர் எதில் மோதிவிடுவோமோ என்று பயப்படுகிறாரோ அதையே பார்ப்பார். அத்தனை ஏக்கரில் ஒரே ஒரு மரம். "மரம் இருக்கு, மரத்தைப் பாரு, மரத்தைப் பாரு" என்று பின்னாலிருந்து எச்சரித்தால், அது மரத்துக்கு வழி சொல்வதாகும். வண்டி இரண்டாம் முறை மரத்தை நோக்கி வந்தபோது பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கோபமே இல்லாமல், பூங்கா இடத்துக்குக் குடிபெயர்ந்தார்.

இந்த வகுப்புகளுக்கு என் மாமியாரும் வருவார். வந்து வேப்பமரத்தடியில், பெரியவர் காலி செய்த இடத்தில், உட்கார்ந்துகொள்வார். ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் நான் கொஞ்சம் சூடாகி, கியர் தத்துவத்தை விளக்க ஆரம்பித்ததும், "மாப்ளே, ஒரு டீ வாங்கிட்டு வாறீங்களா?" என்பார். டீக்கடை மெயின் ரோட்டில், நடந்து போய் வர வேண்டிய தூரம். ஃபிளாஸ்கோடு திரும்பி வந்தால், போகும்போது முதல் கியரில் திணறிக்கொண்டிருந்தவள் மூன்றாவதில் போய்க்கொண்டிருப்பாள். அடுத்த டீக்குப் போய் வந்தால் வளைந்து திரும்பக் கற்றிருப்பாள். டீக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரிய சில வாரங்கள் ஆயின. மாமியாருக்குச் சர்க்கரை, அவர் டீயே குடிப்பதில்லை.

மாமியாருக்கு இதில் பேச அதிகாரம் உண்டு. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்துப் படிப்போடு பெண்களுக்கு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி வெளியுலகுக்குத் தெரிந்த கதை. 1992 மகளிர் தினத்தன்று கைப்பிடியில் கொடி கட்டி மணியடித்துக்கொண்டு 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை டவுனுக்குள் சைக்கிளில் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஆலங்குடிப் பக்கத்திலிருந்து வந்த என் மாமியாரும் ஒருவர். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. அப்படி ஒரு கம்பியில் உட்கார்ந்து ஊர் பார்த்த பிள்ளைதான் இன்று என் புல்லட் சாவியைக் கையில் வைத்திருக்கிறாள்.

"உங்களுக்கு யாரு அத்தை சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டேன்.

"பக்கத்தூருப் புள்ள ஒண்ணு. அதே அப்பத்தான் பழகியிருந்துச்சு."

"மாமா வந்து புடிச்சுக்கிட்டாரா?"

"அவருக்குச் சேதி தெரியிறப்ப நான் கறம்பக்குடி வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

மாமாவை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு டீ கூட வாங்கி வராமல் அவர் கடமை முடிந்திருக்கிறது.

ஸ்ப்ளெண்டரிலிருந்து புல்லட்டுக்கு மாறியபோது கியரே மாறிப்போனது. ஸ்ப்ளெண்டரில் எல்லா கியரும் முன்னங்காலால் கீழே அமுக்க அமுக்க ஏறும். குதிகாலால் அமுக்கினால் இறங்கும். புல்லட்டில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே. அந்தக் காலத்து புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில், முதல் கியர் மேலே, மற்றவை கீழே என்று நான் கூடுதல் தகவல் கொடுத்தேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "எல்லாம் ஆம்பளைங்க உக்காந்து யோசிச்சதுதானே? ஒண்ணாவது ஒத்துப்போவுதா?"

புல்லட்டின் சீட் உயரம் 805 மில்லிமீட்டர். அவள் உட்கார்ந்தால் நுனிக்கால்தான் தரையைத் தொடும். சிக்னலில் நிற்கும்போது இது பெரிய கவலை. நான் பின்னால் ஏறியதும் ஷாக் அப்சார்பர் அமுங்கி அவள் பாதம் முழுசாகத் தரையில் படிந்தது. "உங்களால இந்த ஒரு பிரயோஜனம் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு சாப்பாட்டில் எனக்கு இருந்த கட்டுப்பாடுகள் சற்றுத் தளர்ந்ததாகவே உணர்கிறேன்.

பைக் வேகத்தில் விழுவதைவிட நிற்கப்போகிற வேகத்தில்தான் அதிகம் விழும், குறிப்பாக யூ டர்ன் எடுக்கும்போது. ஓடுகிற வண்டியை அதன் வேகமே நிமிர்த்தி வைத்திருக்கும். மெதுவாக, ஹேண்டிலை முழுக்க ஒடித்துவைத்திருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால், எடை முன்னால் சரிந்து, வண்டி உள்பக்கமாகப் படுக்கும். முன் பிரேக்குக்குத்தான் நிறுத்தும் பலம் அதிகம், ஆனால் அதற்கு ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். மெதுவான திருப்பத்தில் பின் பிரேக்கையும் ஹாஃப் கிளட்சையும் வைத்தே சமாளிக்க வேண்டும். இதை நான் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி படுத்தது. நல்லவேளை, நான் பின்னால் இல்லை. ஃபிளாஸ்கைக் கழுவிக்கொண்டிருந்தேன், குரலை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

195 கிலோ ஒரு கோணத்தைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால் பீமன் வந்தாலும் பிடிக்க முடியாது. பிடித்தால் நம் இடுப்பு போகும். காலை எடுத்துக்கொண்டு விட்டுவிட வேண்டும். அவள் அதைச் சரியாகச் செய்தாள். வண்டி கிராஷ் கார்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தது, அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெரியவர் ஓடி வந்தார். முதலில் சைலன்சரைப் பார்த்தார். அடுத்து டேங்க்கைத் தடவினார். கண்ணாடியை நிமிர்த்தினார். "நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்று மூச்சுவிட்டுவிட்டு, பிறகுதான் திரும்பி, "ஆத்தா, ஒனக்கு எதுவும் அடிபட்டுச்சா?" என்றார்.

தூக்க நானும் பெரியவரும் போனோம். மாமியார் எங்கள் இருவரையும் சேர்த்து ஒரே வார்த்தையில் நிறுத்தினார்: "இருங்க." தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது, மனைவி வீடியோ பார்த்து வைத்திருந்தாள். எஞ்சினை அணைத்து, வண்டிக்கு முதுகு காட்டி, சீட்டில் இடுப்பைச் சாய்த்துக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் இன்னொரு கையால் பின்னால் உள்ள கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் தொடை பலத்தில் உந்திப் பின்னோக்கி நடந்தாள். வண்டி எழுந்து நின்றது. பெரியவர் என்னைப் பார்த்தார். நான் ஆடுகளைப் பார்த்தேன்.

உடை விஷயமும் சொல்லியாக வேண்டும். நம் பைக்குகளின் இடது பக்கத்தில் சாரி கார்டு என்று ஒரு கம்பி வலை இருக்கிறதே, அது கம்பெனிக்காரர்களின் கருணை இல்லை, விதி. பின்னால் உட்காருபவரின் துணி மாட்டாமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும். கைப்பிடி, கால் வைக்கும் இடம் எல்லாம் பின்னால் இருப்பவருக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். சேலை கட்டியவர் முன்னால் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று அந்த இடத்தில் யோசிக்கவில்லை. அவள் யோசித்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகச் சுடிதாருக்கு மாறினாள், துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்தாள், செருப்புக்கு ஷூ வந்தது. ஹெல்மெட் கடைக்காரர் மட்டும், "மேடத்துக்குப் பிங்க் எடுக்கவா?" என்று கேட்டுவிட்டு, பதிலாக வந்த பார்வையைத் தாங்க முடியாமல் கறுப்பை எடுத்தார். கொண்டைதான் கடைசிவரை ஹெல்மெட்டோடு ஒத்துவரவில்லை. தலையைப் பின்னிக் கீழே தொங்கவிட்டால்தான் ஹெல்மெட் நெற்றிவரை இறங்கி உட்காரும். கல்யாண வீட்டுக்குப் போகும்போது மல்லிகைப்பூ ஒரு கவரில், டேங்க் பையில் பயணம் செய்யும். மண்டப வாசலில் இறங்கி வைத்துக்கொள்வாள்.

டெஸ்ட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எட்டு போடச் சொன்னார்கள், ஸ்ப்ளெண்டரில் போட்டாள், கால் ஊன்றவில்லை. அன்றைக்கு எனக்குத் திருச்சியில் ஆபீஸ். தற்செயல்தான் என்றாள்.

அதற்குப் பிறகுதான் என் சோதனைக் காலம் ஆரம்பித்தது. மனைவி ஓட்ட, கணவன் பின்னால் உட்கார்ந்து புதுக்கோட்டைக் கடைவீதியில் போவதை ஊர் ஒரு மருத்துவச் செய்தியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. "என்ன சார், கால்ல அடியா?" என்றார் பழக்கடைக்காரர். "ஷுகரா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், குரலைத் தணித்து. கல்யாண வீட்டில் ஒரு பெரியப்பா என் முழங்காலைத் தானாகவே பிடித்துப் பார்த்துவிட்டு, "புத்தூர்க் கட்டு போட்டுப் பாரேன்" என்றார். "இல்ல பெரியப்பா, அவளுக்கு ஓட்டப் பிடிக்கும்" என்று உண்மையைச் சொன்னேன். அவர் முகத்தில் கவலை அதிகமானது; வியாதி காலில் இல்லை, வேறெங்கோ என்று முடிவு செய்துவிட்டார். அதிலிருந்து மூட்டு வலி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் திருப்தி.

பெட்ரோல் பங்க்கில் ஹேண்டிலைப் பிடித்திருப்பது அவள், மூடியைத் திறந்தது அவள், பணத்தை எடுத்துக் கையில் வைத்திருப்பதும் அவள். பையன் என்னைப் பார்த்துக் கேட்பான்: "எவ்வளவுக்கு சார்?" நான் அவளைக் காட்டுவேன். அவன் அவளிடம் கேட்டுக்கொண்டு, போட்டு முடித்து, சில்லறையை என்னிடம் கொடுப்பான்.

பின் சீட்டில் கையை எங்கே வைப்பது என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் எனக்குப் பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு, ஒரு கையில் பிள்ளையும் மடியில் பையுமாக அவள் எப்படி உட்கார்ந்து வந்தாள் என்று கேட்டேன். "கண்ணை மூடிக்குவேன்" என்றாள். என் வலது கால் மட்டும் இன்றுவரை ஓயவில்லை. லாரி தெரிந்தால் ஃபுட்ரெஸ்ட்டை மாங்கு மாங்கென்று அமுக்குகிறது.

வாயைப் பொறுத்தவரை முன்னேற்றம் உண்டு. இப்போதெல்லாம் "பஸ்" என்று மட்டும்தான் சொல்கிறேன். அதுவும் ஹெல்மெட்டுக்குள்.

இதனிடையே ஆக்டிவா என் பொறுப்புக்கு வந்துவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அருமையான வண்டி. சீட்டுக்கு அடியில் ஹெல்மெட் வைக்கலாம், முன்னால் கொக்கியில் பை மாட்டலாம். ஒரே ஒரு சிக்கல். நிற்கப்போகும்போதெல்லாம் என் இடது கை கிளட்ச் என்று நினைத்து இறுக்கிவிடுகிறது. அங்கே இருப்பது பிரேக். வண்டி சடாரென்று நிற்க, கொக்கியில் மாட்டிய தக்காளி மட்டும் பயணத்தைத் தொடர்கிறது.

போன ஆனியில் ஆலங்குடிக்குப் போய்விட்டு மாமியாரைக் கூட்டிக்கொண்டு திரும்பினோம். அவள் புல்லட்டில், நான் ஆக்டிவாவில். தோட்டத்துப் பலாப்பழம் ஒன்றும் கூட வருவதாக இருந்தது. மாமியார் வாசலில் நின்று இரண்டு வண்டிகளையும் ஒரு தரம் பார்த்தார். "மாப்ளே, வழியில நிப்பாட்டுறப்ப சொல்லிட்டு நிப்பாட்டுவீங்களா?" என்று கேட்டார். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு மகளுக்குப் பின்னால் ஏறிவிட்டார். எனக்குப் பலாப்பழம்.